ஓசையும் அருளும்

உடம்பெடுத்த உயிர்க்கு நோய் புதிதன்று. நோயுற்ற உயிர் முதற்கண் செய்வது குரலெழுப்புதலே. குழவி அழுகின்றது, முதியோர் அரற்றுகின்றனர், அன்புடையார் அருகிருந்து ஆறுதல் மொழிகின்றனர். மருந்து வருமுன்னே குரல் வருகின்றது. மருத்துவன் சென்ற பின்னும் குரல் நிற்கின்றது. ஆதலின் நோய்க்கும் ஓசைக்கும் உள்ள தொடர்பினை எல்லா நாட்டு மக்களும் எல்லாச் சமயத்தாரும் ஆராய்ந்து வருதல் இயல்பேயாம். சைவ நன்மக்களுக்கோ இவ்வாராய்ச்சி பிறரினும் அணுக்கமானது. என்னையெனின், சமயகுரவர் வரலாறுகளில் பதிகம் பாடி நோய் தீர்த்த செய்திகள் பல உளவாகலின் என்க. அங்ஙனம் தீர்த்தது ஓசையின் ஆற்றலா, பாடினார் அன்பின் ஆற்றலா, இறைவன் திருவருளா என்பது ஒரு வினா. பாடியும் தீராத நோய்க்குக் குறை யாரிடத்தது என்பது அதனின்று தோன்றும் மற்றொரு வினா. பின்னையது ஏட்டளவில் நிற்பதன்று; நோயாளர் கிடக்கும் ஒவ்வொரு வீட்டினும் எழுவது.

குரலாலும் ஓசையாலும் நோய் தீர்த்தலைப் பொருளாகக் கொண்ட ஆவணப்படங்கள் இக்காலத்து மேல்நாடுகளில் தோன்றியுள்ளன. அவற்றுள் 2014-ஆம் ஆண்டில் மைக்கேல் ரொசாட்டோ பென்னெட் என்பார் எடுத்து, அமெரிக்க நாட்டுச் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் பரிசு பெற்ற 'அலைவ் இன்சைட்' என்னும் படம் சிந்திக்கத் தக்கது. டான் கோஹன் என்னும் சமூகப் பணியாளர் முதியோர் காப்பகங்களுக்குச் சென்று, மறதி நோயால் தம்மையும் பிறரையும் அறியாது கிடப்போர்க்கு, அவர் இளமையில் விரும்பிக் கேட்ட பாட்டுக்களைச் செவிக்கருவி வாயிலாகக் கேட்பிக்கின்றார். தலை கவிழ்ந்து, அழைத்தார்க்கு விடை கூறாதிருந்த முதியவர் ஒருவர், அப்பாட்டுச் செவியிற் புகுந்தவுடன் கண் விழிக்கின்றார், உடல் அசைக்கின்றார், உடன் பாடுகின்றார். கருவியை எடுத்த பின்னும் வினவியவற்றுக்குச் சிறிது நேரம் விடையளிக்கின்றார். கண்டார் நெஞ்சு உருகும் காட்சி அது. ஆயினும் ஒன்று குறிக்கொளற்பாலது. அம்முதியவர்க்கு மறதி நோய் நீங்கிற்றில்லை. நோய் உள்ளபடியே இருந்தது. நோயின் அடியில் மறைந்திருந்த மனிதர் சற்றே வெளிப்பட்டார். இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

ஓசைக்கு இயற்கையாகவே ஆற்றலுண்டு என்பதில் ஐயமில்லை. செர்மானிய அறிஞராகிய கிளாட்னி என்பார், மணல் தூவிய உலோகத் தகட்டின் விளிம்பை வில்லால் மீட்டுழி அம்மணல் பல்வேறு கோலங்களாக ஒழுங்குபடுதலை 1787-இல் வெளியிட்டார். உணவும் பேச்சும் அறியாத மணலே ஒலிக்கு இசையுமாயின் நரம்பும் குருதியும் உடைய உடம்பு இசைதல் வியப்பன்று. மூளையில் ஊறு நேர்ந்து பேச்சிழந்தாருட் சிலர், பேசமாட்டாத சொற்களைப் பாட்டாகப் பாடவல்லராயிருத்தலை மருத்துவர் கண்டனர். அது பற்றி ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்னும் மூவர் 1973-இல் பாஸ்டன் நகரத்தில் இசை வழியே பேச்சினை மீட்கும் பயிற்சி முறையொன்றை வகுத்து வெளியிட்டனர். நடை தடுமாறும் பார்க்கின்சன் நோயாளர் ஒழுங்கான தாளத்துக்கு அடியிட்டு நடக்குங்கால் நடை சீர்ப்படுதலும் ஆராய்ந்து அறியப்பட்டது. 1980-இல் மூனிக் நகரத்தில், உடலைக் கீறாமலே புறத்திருந்து அழுத்த அலைகளைச் செலுத்திச் சிறுநீரகக் கல்லை நொறுக்கும் மருத்துவம் முதன்முறையாக மக்களுக்குச் செய்யப்பட்டது. இவையெல்லாம் ஓசைக்கும் அதனோடு இனமாகிய அலைக்கும் உரிய இயற்கையாற்றல்கள்.

சைவர்க்கு இஃது ஒவ்வாததன்று. ஆனாய நாயனார் திருமங்கலத்துக் காட்டில் திருவைந்தெழுத்தை வேய்ங்குழலில் அமைத்து ஊதியபோது, மேய்ந்த ஆனிரை மேய்ச்சல் மறந்தன. பாலுண்ட கன்றுகள் பால் மறந்தன. தம்முட் பகையுடைய விலங்குகள் பகை மறந்து ஒருங்கு நின்றன எனச் சேக்கிழார் பெருமான் அருளினர். அவ்விலங்குகள் ஐந்தெழுத்தின் பொருளை ஓதியுணர்ந்தன அல்ல. இசை அவற்றின் உடம்பினும் உணர்வினும் புகுந்து அமைதி செய்தது. இசைக்கு இயல்பாக உள்ள ஆற்றலைப் புராணமே இங்ஙனம் உடன்படுதல் காண்க.

இனி, அவ்வோசை யாது என ஆராய்வார்க்குச் சித்தாந்த நூல்கள் தெளிவான விடை தருகின்றன. ஓசைக்கு முதற்காரணம் சுத்தமாயை. அதனின்று நாதம் தோன்றும். வாக்கு, சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நால்வகைப்படும். செவிக்குப் புலனாவது வைகரி. செவிக்குப் புலனாகாது உள்ளே சொல்லுருவாய் வரிசைப்பட்டு நிற்பது மத்திமை. மயிலின் முட்டையுள் நீரில் அதன் பல வண்ணமும் விரவி அடங்கியிருத்தல் போல, எழுத்துக்கள் வேறுபடாது அடங்கி நிற்பது பைசந்தி. அதற்கும் மேல் நுண்ணிதாய் நிற்பது சூக்குமை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இவற்றை விரித்து அருளியுள்ளார். இவ்வாராய்ச்சியின் முடிவே ஈண்டு வேண்டப்படுவது. நால்வகை வாக்கும் மாயையின் விருத்தியாதலின் சடமேயாம். வைகரி சடம், சூக்குமையும் சடம். சடம் தானே அறிந்து செயற்படாது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்ட சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். மண்ணையும் சக்கரத்தையும் எத்துணைப் போற்றினும் குயவனின்றிக் குடம் வாராது. அதுபோல, ஓசை எத்துணை நுண்ணிதாயினும், அறிவுடைய முதல்வன் சத்தி அதனை இயக்கினாலன்றி உயிர்க்கு நலம் செய்யமாட்டாது.

இவ்வுண்மையை மறந்தவிடத்து இருவகைப் பிழை நேர்கின்றன. ஒன்று, அருளை எண்ணில் அடைத்தல். ஒரு நொடிக்கு 528 அதிர்வுடைய ஒலி உயிரணுவின் கருப்பொருளைச் செப்பம் செய்யும் என்றும், 432 அதிர்வுடைய சுருதி அண்டத்தின் சுருதி என்றும் சிலர் பரப்புகின்றனர். நொடி என்பது மக்கள் தம் கணக்குக்கு வகுத்துக் கொண்ட கால அளவு. அவ்வளவை மாற்றின் அவ்வெண்ணும் மாறும். மேல்நாட்டு இசையில் பல கருவிகளும் ஒத்திசைத்தற்குக் கொண்ட தாயச் சுருதியும் ஒரு காலத்தும் நிலையாக நின்றதன்று. 1859-இல் பிரெஞ்சு அரசு அதனை 435 எனச் சட்டம் செய்தது. 1939-இல் இலண்டனிற் கூடிய அவை 440 என வகுத்தது. இவை இசைவாணர் வசதிக்கென மக்கள் செய்துகொண்ட உடன்பாடுகள். தமிழ்ப் பண்ணிசையோ பாடுவார் தம் மிடற்றுக்கு ஏற்ற சுருதியைத் தாமே தெரிந்து பாடுவது. ஆடவர் ஒரு சுருதியிலும் மகளிர் வேறொரு சுருதியிலும் பாடுவர். பதிகத்தின் பயன் ஓர் எண்ணில் இருப்பின் இருவருள் ஒருவர்க்கே பயன் கிட்டுதல் வேண்டும். அங்ஙனம் கூறுவார் யாருமிலர்.

திருத்தருமபுரத்தில் நிகழ்ந்ததும் ஈண்டு நினைக்கற்பாலது. திருஞானசம்பந்தப் பிள்ளையாரின் பதிகங்களை யாழில் இசைத்து உடன் வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். பதிகத்தின் பெருமை யாழினால் விளங்குகின்றதென அவர்தம் சுற்றத்தார் பேசினர். அது கேட்டு வருந்திய அப்பெரியார், கருவியில் அடங்காத பதிகமொன்று அருளுமாறு வேண்டினர். பிள்ளையார் அங்ஙனமே பாடியருள, யாழ் நரம்பு அதனைத் தொடரமாட்டாதாயிற்று. யாழ்ப்பாணர் யாழை முறிக்க ஓங்கினர். பிள்ளையார் தடுத்து, சிவபெருமான் திருவருட் பெருமை இக்கருவியுள் அடங்குமோ எனத் தேற்றி, இயன்ற அளவில் இசைக்குமாறு யாழை மீண்டும் அவர் கையிற் கொடுத்தனர். கருவியை முறித்தலும் வேண்டா. கருவியே எல்லாமெனக் கருதலும் வேண்டா. இதுவே ஓசையைப் பற்றிய சைவரின் நிலை.

அற்றேல், நாயன்மார் பதிகம் பாடி நோய் தீர்த்தது யாங்ஙனம் என வினவின், அவ்வரலாறுகளை ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். திருநாவுக்கரசர் திருவதிகை வீரட்டானத்திற் பாடச் சூலை நீங்கிற்று. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளைப் பற்றிய முயலகன் பிள்ளையார் பாடத் தீர்ந்தது. மதுரையில் பாண்டியன் வெப்புநோய் தணிந்தது. திருமருகலிலும் திங்களூரிலும் அரவந்தீண்டி இறந்தோர் எழுந்தனர். இவற்றை மட்டும் நோக்குவார்க்குப் பதிகம் பாடுதலும் நோய் தீர்தலும் தீயும் சூடும் போலப் பிரியாதன எனத் தோன்றும். பிற வரலாறுகளையும் நோக்கின் அத்தோற்றம் நீங்கும்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவொற்றியூர் எல்லையைக் கடந்தவுடன் கண்ணொளி இழந்தனர். அங்கேயே பாடினர், கண் பெற்றிலர். திருவெண்பாக்கத்திற் பாடினர், கிடைத்தது ஊன்றுகோல். காஞ்சியில் ஏகம்பத்தே பாட இடக்கண் பெற்றனர். திருத்துருத்தியில், வடகுளத்தில் மூழ்கி உடற்பிணி நீங்கினர். திருவாரூரை அடைந்து பாடிய பின்னரே வலக்கண் பெற்றனர். பாடியவர் ஒருவரே, அவர் இறைவனுக்குத் தோழர். நாவும் அன்பும் ஊர்தோறும் வேறுபட்டில. பயன் மட்டும் ஓரிடத்து மறுக்கப்பட்டது, ஓரிடத்து ஊன்றுகோலாயிற்று, ஓரிடத்துப் பாதியாயிற்று, ஓரிடத்து நிறைந்தது. ஓசையே நோய் தீர்க்குமாயின் இவ்வேறுபாடு யாங்ஙனம் நிகழும்? திருமறைக்காட்டில் வேதங்கள் அடைத்த திருக்கதவம் திறக்க நாவுக்கரசர் பதிகம் முழுதும் பாட நேர்ந்தது. அடைக்கப் பிள்ளையார்க்கு ஒரு பாடலே போதியதாயிற்று. நாவுக்கரசரின் நாவில் குறையுண்டெனக் கூறத் துணிவார் யார்? ஆதலின் பதிகம் கருவி, கருத்தா திருவருள். கருத்தா தன் திருவுளப்படி எவ்வளவு, எப்பொழுது, எவ்வாறு செய்தல் வேண்டுமென அறிந்து செய்வன். கருவி அவனை ஏவமாட்டாது.

இன்னும் ஒன்று. அவ்வரலாறுகளிற் பலவற்றில் குரல் தனித்து நின்றதில்லை. திலகவதியார் தம்பியார்க்கு முதலிற் கொடுத்தது ஐந்தெழுத்து ஓதிய திருநீறு. பாண்டியன் உடம்பில் பிள்ளையார் பாடிக்கொண்டே தடவியதும் ஆலவாய்த் திருமடைப்பள்ளிச் சாம்பலாகிய நீறே. திருத்துருத்தியிற் குளத்து நீர் வாயிலாயிற்று. குரலொன்றே போதும், பொருளொன்றும் வேண்டா என்னும் கொள்கை நாயன்மார் காட்டிய நெறியன்று.

இனி இரண்டாம் பிழை மருந்தை வெறுத்தல். நோய் முன்வினைப் பயன். வினையை இறைவனே தீர்த்தல் வேண்டும். ஆதலின் பதிகமிருக்க மருத்துவன் எதற்கு என்பார் உளர். மறுதலையாக, நோய் வினைப்பயனாயின் பதிகத்தானும் தீர்க்கலாகாது, நுகர்ந்தே கழித்தல் வேண்டும் என்பாரும் உளர். இவ்விருவர்க்கும் விடை திருக்கொடிமாடச் செங்குன்றூரில் உண்டு. ஆங்குப் பிள்ளையாரோடு சென்ற அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அது பனிக்காலத்து அந்நிலத்தின் இயல்பு என்பதைப் பிள்ளையார் மறுத்திலர். இயற்கைக் காரணத்தை உடன்பட்டே திருநீலகண்டப் பதிகத்தை அருளினர். முன் செய்த வினைக்கு இத்துன்பம் ஈடு எனச் சொல்லிக்கொண்டு, உய்யும் வழி தேடாது வாளா இருத்தல் குறையேயன்றோ என அப்பதிகத் தொடக்கத்தே அவர் வினவுகின்றார். சுரம் அடியார்களை மட்டுமன்றி அந்நாட்டையே விட்டு நீங்கிற்று. வினைக்கொள்கை சோம்பலுக்கு அரணன்று என்பது இதனாற் பெறப்படும்.

வினைநியதி இதனாற் கெடாதோ எனின், கெடாது. வினை சடமாதலின் தானே வந்து பொருந்தாது, பொருத்துவான் இறைவன். மருத்துவன் சில நோய்களை அறுத்தும் கீறியும் தீர்ப்பன்; சிலவற்றை மருந்து கொடுத்துத் தீர்ப்பன். அதுபோல இறைவனும் இன்ப துன்பங்களை நுகர்வித்து வினையை அறுப்பன் எனச் சித்தியார் கூறும். நோயும் நுகர்ச்சி, கசப்பான மருந்தும் நுகர்ச்சி, மருத்துவமனையிற் கிடத்தலும், பொருட்செலவும், கவலையும் நுகர்ச்சியே. எந்நுகர்ச்சியோடு எவ்வினை கழியுமென அறிவான் இறைவன் ஒருவனே. தன் வினையின் அளவை அறியாத உயிர், 'இது தீராத வினை' எனத் தானே தீர்ப்புக் கூறி மருந்தை ஒழித்தல், இறைவன் இருக்கையில் தான் ஏறியிருத்தலை ஒக்கும். தனு கரண புவன போகங்களைத் தந்தவன் இறைவனாயின், அப்புவனத்து விளையும் மருந்தும் அவன் தந்ததே. அதனை அறியும் மருத்துவன் அறிவும் அவன் விளக்க விளங்கியதே. திருவள்ளுவனார் மருந்தென்னும் அதிகாரத்தில், நோயாளன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவான் என நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என வகுத்தனர்.

இது சொல்லளவில் நிற்கும் வாதமன்று, உயிர்களைப் பற்றியது. இந்திய நாட்டில் 2000 முதல் 2019 வரை உள்ள 20 ஆண்டுகளில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் என ஆராய்ச்சியாளர் 2020-இல் கணக்கிட்டனர்; ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 58,000 பேர். பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்ந்தவர். பிரெஞ்சு அறிஞர் கால்மெத் 1890-களில் பாம்பு நஞ்சுக்கு மாற்று மருந்து கண்டதனால், காலத்தே செலுத்தின் காக்கத்தக்க உயிர்கள் பல. அங்ஙனமிருக்க, கடியுண்டவனைக் கிடத்தி மந்திரிப்பாரைத் தேடிக் காலம் போக்குதல் பழி. திங்களூரில் நாவுக்கரசர் பாடி அப்பூதியடிகள் மகனை எழுப்பினர் என்பதை இதற்குச் சான்றாகக் காட்டுதல் அவ்வரலாற்றை அறியாமையாம். அங்கே மகன் இறந்த பின்னரே நாவுக்கரசர் அறிந்தனர்; உயிர் உள்ளபோது செய்யத்தக்க மருந்தை எவரும் அவர் பெயரால் தடுத்திலர். பதிகத்தை ஓதிக்கொண்டே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லலாம். நாவுக்கும் காலுக்கும் பகையில்லை.

இனி, மிக நுட்பமாகிய வினா எஞ்சி நிற்கின்றது. ஒரு தாயை எண்ணுக. அவள் குழந்தைக்குக் கொடிய சுரம். மருத்துவரும் இயன்றதெல்லாம் செய்தனர். அவள் பல நாள் கண்ணுறங்காது திருநீலகண்டப் பதிகத்தைப் பாடிக்கொண்டிருந்தாள். குழந்தை இறந்தது. துக்கம் வினவ வந்தாருள் ஒருவர், 'பண் பிழையாமற் பாடினையோ?' என்றார், மற்றொருவர், 'நம்பிக்கை உறுதியாயிருப்பின் தீர்ந்திருக்கும்' என்றார். இச்சொற்களைக் கூறுவார் தம்மைப் பத்தியுடையார் எனக் கருதிக்கொள்ளுதல் கூடும். ஆயினும் அவர் செய்தது, இறந்த குழந்தையின் பழியைத் தாயின் தலையில் ஏற்றியதே. இதனிற் கொடுமை வேறில்லை.

கொடுமை மட்டுமன்று, சித்தாந்தத்துக்கு மாறுமாம். 'பண் பிழைத்ததனால் தீரவில்லை' என்பார், பண்ணையே கருத்தாவாகக் கொண்டவர். சடத்தை முதல்வன் ஆக்கினவர். 'நம்பிக்கை போதாமையால் தீரவில்லை' என்பார், உயிரின் முயற்சியை விலையாகவும் அருளைப் பண்டமாகவும் கொண்டவர். அருள் விலைக்குக் கிடைப்பதன்று. நம்பிக்கையின் அளவே பயனின் அளவாயின், திருவொற்றியூரிற் கண் மறுக்கப்பட்ட தம்பிரான் தோழரை நம்பிக்கையற்றவர் எனல் வேண்டும். திருமறைக்காட்டில் நெடிது பாடிய ஆளுடைய அரசரையும் அங்ஙனமே கூறல் வேண்டும். அது கூற நா எழுமோ? குருமூர்த்திகட்குச் சூட்டலாகாத பழியை ஓர் ஏழைத் தாய்க்குச் சூட்டுதல் எந்நீதி?

ஆயின் அத்தாய்க்குக் கூறத்தக்க விடை யாது? 'நின் பாட்டு வீணாயிற்றில்லை' என்பதே. இதனை ஆறுதலுக்காகக் கூறும் பொய் எனக் கருதலாகாது. உண்மை என்பதற்கு அப்பூதியடிகள் இல்லமே சான்று. மூத்த மகன் வாழைக்குருத்து அரியச் சென்று அரவந்தீண்டி இறந்தான். அடிகளும் மனைவியாரும் அவனை எழுப்புமாறு நாவுக்கரசரை வேண்டினாரல்லர். அவர் அமுது செய்தற்கு இடையூறு நேருமென அஞ்சி, உடலை மறைத்து வைத்து அவரை உபசரித்தனர். அவர்தம் அன்பு மகன் எழுந்தமையால் மெய்யாயிற்றில்லை. மகன் எழுமுன்னரே மெய்யாயிருந்தது. மகன் எழாதிருப்பினும் அப்பூதியடிகள் அப்பூதியடிகளே. அங்ஙனமே, குழந்தையின் தலைமாட்டிலிருந்து அத்தாய் பாடிய ஒவ்வொரு சொல்லும், குழந்தை பிழைத்ததா இறந்ததா என்பதைப் பற்றி நில்லாமல், தானே சிவபுண்ணியமாய் நிற்கும். நோயின் வேதனையில் அக்குழந்தை இவ்வுலகிற் கடைசியாகக் கேட்டது அச்சத்தின் கூக்குரலன்று. தாயின் மிடற்றினின்று வந்த இறைவன் திருநாமம். உயிர் உடம்பை விட்டு நீங்கும்போது அதனினும் சிறந்த துணையைத் தரவல்லார் யார்?

இங்கே, முன்னர்க் குறித்த ஆவணப்படத்து முதியவரை மீண்டும் நினைக்க. நோய் நீங்காதிருக்கவும் நோயாளர் மீண்டார் எனக் கண்டது அவரிடத்தே. உடற்பிணி நீங்குதல் வேறு. உயிர் தன்னை உணர்தல் வேறு. சித்தாந்தம் உயிரைப் பற்றிக் கூறும் பெரிய செய்தியும் இதுவே. உயிர்க்கு மூலநோய் ஆணவம். அதன் தொழில் மறைத்தல். அதனால் உயிர் தன்னையும் மறந்து தலைவனையும் மறந்து கிடக்கின்றது. அரசகுமாரன் ஒருவன் வேடரிடைப்பட்டுத் தன் பிறப்பினை அறியாது வளர்ந்தாற் போல, ஐம்புலன்களாகிய வேடரிடை வளர்ந்த உயிர்க்கு, முதல்வனே குருவாய் வந்து அதன் உண்மையை உணர்த்துகின்றான் எனச் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் கூறும். அவ்வுணர்த்துதல் மொழி வாயிலாக, செவி வாயிலாக நிகழ்கின்றது. தன் பழம்பாட்டைக் கேட்டுக் கண் விழித்த முதியவர், இப்பெருநோய்க்கும் இப்பெருமருந்துக்கும் சிறியதோர் உவமையாவர். நோய் உடம்பில் இருக்கவே உயிர் தன் தலைவனை நினைக்குமாயின், தீர்தற்கு அரிய நோய் தீரத் தொடங்கிற்று என்பதே துணிபு.

நாவுக்கரசர் வரலாற்றினும் இம்முறையே காணப்படும். சூலை தீர்ந்தது அங்கே ஓர் அடையாளம். தீர்ந்த பின் அவர் தமக்கென வாழ்ந்தாரல்லர். மனம் வாக்குக் காயங்களாகிய மூன்றையும் இறைவன் பணிக்கே ஆக்கினர். கையில் உழவாரம் ஏந்தித் திருக்கோயில்தோறும் புல்லும் முள்ளும் களைந்தனர். சூலை தீர்ந்த வயிறு பின்னொரு நாள் மண்ணாவதே. தீராது நின்றது அத்திருத்தொண்டு. நோய் தீர்ந்த ஒவ்வொருவரும் பின்னர் ஒருநாள் இறத்தல் உறுதியாகலின், உடற்பிணி தீர்தலையே பதிகத்தின் முடிந்த பயனாகக் கொள்வார் பெரும்பயனை விட்டுச் சிறுபயனைப் பற்றினராவர்.

முதலாம் இராசராச சோழர் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்தற்குப் பிடாரர் 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவரையும் நியமித்துக் கல்லில் வெட்டுவித்தனர். 50 பேர்க்கும் நாள்தோறும் நெல் அளக்கப்பட்டது. நோயாளர் வந்தபோது மட்டும் பாடுமாறு அவர் பணிக்கப்பட்டிலர். நோயிலும் நலத்திலும், போரிலும் அமைதியிலும், கேட்பார் இருப்பினும் இல்லாவிடினும் பாடுதலே அவர் பணி. பதிகம் நோய்க்குரிய சடங்கன்று, உயிர்க்குரிய மூச்சு. நலமுற்ற நாளில் பாடாதவன் நோயுற்ற நாளில் பாடுதல் தவறன்று. ஆயினும் நாள்தோறும் பாடிப் பழகிய நா, நோயின் கடுமையிலும் தானே அத்திருநாமத்தை நாடும். இளமையிற் கேட்ட பாட்டே முதுமையின் மறதியையும் ஊடுருவிச் செல்லும் என அப்படம் காட்டிய உண்மை, சைவ இல்லங்களிற் பிள்ளைகட்குத் திருமுறை ஓதுவித்தலின் இன்றியமையாமையை வலியுறுத்துகின்றது. இன்று பிள்ளையின் செவியில் இடும் பாட்டு, 70 ஆண்டு கழித்து அவனுக்கு எஞ்சும் ஒரே செல்வமாயினும் ஆகும்.

ஆதலின், நோயாளரிடத்துச் சைவர் செய்யத் தக்கவை இவை. மருத்துவனைக் காலத்தே அழைத்தல் ஒன்று. மருந்தைத் தவறாது ஊட்டி, உடனிருந்து உதவுதல் ஒன்று. நோயாளர் விரும்பும் அளவறிந்து, அவர் உறக்கம் கெடாது, மென்குரலில் பதிகம் ஓதுதல் ஒன்று. நோய் தீர்ந்தால் தம் பாட்டின் திறமெனத் தருக்காமை ஒன்று. தீராவிடின் எவர் தலையிலும் பழி சுமத்தாது உடனிருந்து அழுதல் ஒன்று. இவ்வைந்தும் ஒருங்கமைந்த வீட்டில் குரல் தன் கடமையைச் செய்தது. எஞ்சியது திருவருளின் செயல்.

கல்லாலின் புடை அமர்ந்த பெருமான் நால்வர்க்கு மெய்ப்பொருளை உணர்த்தியது சொல்லின்றிச் சின்முத்திரையால் என்ப. ஓசை யாவும் நாதத்தில் ஒடுங்கும். நாதத்தையும் கடந்து நிற்பது சிவம். பாடிய குரல் ஓய்ந்த பின்னும், கேட்ட செவி அவிந்த பின்னும், உயிரை விட்டு நீங்காது உடன் நிற்பது அதுவே. அதனை நினைப்பிக்கும் அளவில் ஓசைக்குப் பெருமை. அதனை மறப்பிக்குமாயின் இனிய இசையும் வெற்றொலியேயாம்.

திருச்சிற்றம்பலம்.